தொழில்முனைவைப் பல்கலைக்கழகத்தில் கட்டாயப் பாடமாக்கலாமா?

டர்பன்காரன்: நம் தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 24 வயது வரை வேலை தேடுகிறவர்களில் பாதிக்கு மேல் சும்மா நிற்கிறார்கள். தென்னாப்பிரிக்க உயர்கல்வித் துறை 2016இல் தொழில்முனைவுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அது போதாது. டாக்டருக்குப் படித்தாலும் தமிழ் படித்தாலும் இந்தப் பாடம் கட்டாயம் வேண்டும்.

காய்கறிக்கடை: 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களுக்கு யார் பாடம் எடுத்தது? ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் பிடித்துக் காய்கறி போட்டு, கூடையில் சுமந்து விற்றார்கள். பெரிய வள்ளல் என்கிறோமே, அந்த எம்.எல். சுல்தானும் ஒப்பந்தக் கூலியாக வந்தவர்தானே?

டர்பன்காரன்: சரி அண்ணே, சுல்தான் சம்பாதித்ததை எதில் போட்டார்? தொழில்நுட்பக் கல்லூரிக்குத்தானே அள்ளிக் கொடுத்தார்! அதுதான் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி.

காய்கறிக்கடை: கொடுத்தார். கைத்தொழில் கற்கக் கொடுத்தார், "முதலாளி ஆவது எப்படி" என்று பாடம் கேட்க அல்ல.

மல்லிகா டீச்சர்: இரண்டு பேரும் தாத்தா கதையிலேயே நிற்கிறீர்கள். 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வைப் பாருங்கள். மாணவர்களே சின்னக் கம்பெனி நடத்தும் பயிற்சியைத்தான் அதில் சோதித்தார்கள். திறமை கூடியதாகத் தெரியவில்லை. தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்தே போனது. துனிசியாவில் ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில்திட்டம் எழுதலாம் என்று பட்டப்படிப்பில் வைத்தார்கள். முதல் ஆண்டில் சுயதொழில் கொஞ்சம் கூடியது, மொத்த வேலைவாய்ப்பு கூடவில்லை. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தக் கொஞ்சமும் இல்லை.

டர்பன்காரன்: ஆசை குறைந்தது நல்லதுதானே டீச்சர்? அப்பாவின் ஓய்வூதியப் பணத்தைக் கடையில் கொட்டிவிட்டு "இது எனக்கு ஒத்துவராது" என்று தெரிந்துகொள்வதைவிட, வகுப்பிலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

மல்லிகா டீச்சர்: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மருந்து என்றுதானே ஆரம்பித்தீர்கள்? இப்போது பேச்சு மாறுகிறது.

மூன்றாம் ஆண்டு: நான் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பவன். தேர்வில் கேட்டது: "தொழில்முனைவோரின் பண்புகளைப் பட்டியலிடுக." பட்டியலிட்டேன், நல்ல மார்க். கடன் கொடுத்த சரக்குக்குப் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கட்டாயமாக்கினால் இதே பட்டியலை இன்னும் நிறையப் பேர் மனப்பாடம் செய்வார்கள். அண்ணே, விடுமுறையில் உங்கள் கடைக்கு வரலாமா?

காய்கறிக்கடை: வா தம்பி. விடிவதற்கு முன்னாடி சரக்கு எடுக்க டர்பன் கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டில் நிற்க வேண்டும். முதல் வாரம் மூட்டை தூக்குவது, அப்புறம்தான் கணக்கு நோட்டு.

டர்பன்காரன்: இதற்கு மார்க் கொடுத்தால் அதுவும் பாடம்தான் அண்ணே!

காய்கறிக்கடை: மார்க் டீச்சர் கொடுக்கட்டும். நான் சம்பளம் கொடுப்பேன்.