ஏமன் பச்சோந்திக் குஞ்சுகள்: புதுப்பிப்பு

என் பச்சோந்தி 43 முட்டை போட்டுவிட்டது, குஞ்சுகளை ஒரு மாதத்தில் விற்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். மூன்று மாதமாவது வளர்த்துக் கொடு என்றீர்கள்.

ஏழு மாதம் கழித்து 31 பொரிந்தன. முட்டைகளை ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் காக்கும் கனிமத் துகள்) வைத்த டப்பா கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. புதுச்சேரி மே வெயிலுக்கு எங்கள் மாடி அறை ஆகாது. முட்டை முத்துமுத்தாக வியர்த்துச் சுருங்கும், அப்புறம் ஒரு கீறல், அதில் கடுகளவு மூக்கு. அன்று அலுவலகத்துக்கு லீவு!

அத்தனை முட்டைக்கும் காரணம் நான்தான். தாய்க்கு தினமும் வயிறு முட்டப் பூச்சி கொடுத்தேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், கால்சியம் பொடி தூவி, அளவாக.

இது சைட்டீஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் இனம். அதனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தாயைப் பதிந்திருந்தேன்; பிறப்பையும் கைமாற்றத்தையும் பதிகிறேன்.

இதுவரை 12 குஞ்சுகள் கைமாறிப் போயிருக்கின்றன. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும்தானே என்ற கடலூர்த் தம்பிக்குக் கொடுக்கவில்லை. இலையில் தெளித்த துளியைத்தான் பச்சோந்தி நக்கும். இன்னொருவர் நம்மூர்ப் பச்சோந்தியைப் பிடித்துத் தரச் சொன்னார். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் அண்ணே என்று போனை வைத்துவிட்டேன்.

மீதி 14 என்னிடம். ஐந்து தங்கவில்லை.