புதுப்பிப்பு: சில்வர்கிளென் உன்னிச்செடி வேலை என்ன ஆச்சு?
தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், சில்வர்கிளென் காட்டில் உன்னிச்செடி (வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொள்ளும் முட்செடி) பிடுங்க ஆள் வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் மிச்சக் கதை இது. வருகிறேன் என்றவர்கள் 30 பேர், வந்தது 11, தூறல் வேறு. சரி, அதுவும் நல்லதுக்குத்தான், ஈர மண்ணில் வேர் முழுசாக வந்தது. மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைத்துவிடும், முதல் தடவை நாங்கள் செய்த தப்பே அதுதான். அப்புறம் ஒரு தம்பி ஆர்வக்கோளாறில் உம்சுஸ்வானே செடி நாலைப் பிடுங்கிவிட்டான். அது இந்த மண்ணின் செடி, அசப்பில் உன்னி மாதிரியே இருக்கும், ஆனால் தண்டில் முள் கிடையாது, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். பக்கத்து வீட்டு ஆயாதான் முகர்ந்து பார்த்து, "ஐயோ, இது சளிக்குக் கஷாயம் போடுறதுப்பா!" என்று கத்தினார். திரும்ப நட்டதில் இரண்டு பிழைத்திருக்கின்றன. அடுத்த ஞாயிறு காலை 7 மணி, கனமான கையுறை கொண்டுவாருங்கள்.