மறு: ‘பிளாக் டைம்’ தமிழில்?

> விமானப் பயண நேர அட்டவணையில் ‘பிளாக் டைம்’ என்பதற்குத் ‘தொகுதி நேரம்’ போட்டிருக்கிறேன். சரிதானே?

இல்லை ஐயா. இந்த ‘பிளாக்’ விமானச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. மேட்டில் லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்தில் வைப்பாரே, அதேதான். புறப்படக் கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை போடும் வரை ஆகும் நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். ஆகவே ‘கட்டை நேரம்’ என்கிறேன்.

நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு வழித்தடங்களிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ. 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் ஓட்டுகிறது. பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையிலும் பயணி உட்காரும் குட்டி ஐலண்டர் விமானம். அட்டவணையில் ஒன்றரை, இரண்டு நிமிடம். காற்று வாகாக இருந்து 53 வினாடியில் முடிந்ததும் உண்டு. அங்கே தரையில் நாலு அடி கூட ஊர்ந்தாலும் கணக்கு மாறிவிடும்.

சிலியின் சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவின் மாதவேரி விமான நிலையத்துக்குப் பெருவட்டத் தொலைவு சுமார் 3,750 கி.மீ. (பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம்; இந்தச் சொல் பற்றி எனக்குச் சண்டை இல்லை.) போக ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். திரும்பும்போது மேல்காற்று முதுகில் தள்ளுவதால் அதைவிடக் குறைவு. ஊர்ந்த சில நிமிடங்கள் இங்கே பொருட்டல்ல. எந்தத் திசை என்று எழுதாவிட்டால்தான் தப்பு. நடுக்கடல் தீவுக்கு 3,300 மீட்டர் ஓடுபாதை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்: 1980களில் நாசா, தன் விண்ணோடம் அவசரத்தில் இறங்க நீட்டிக் கொடுத்தது.

—

> ‘கட்டை நேரம்’ வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் ‘கட்டையில போக’ என்றால் சாபம். விமானம் ஏறப் போகிறவர் கண்ணில் அதுவா படவேண்டும்?

அம்மா, வாய்விட்டுச் சிரித்தேன். எடுத்துவிட்டேன்.

ராத்திரி யோசித்ததில் திருவாரூர்த் தேர் ஞாபகம் வந்தது. வடம் பிடித்தார்கள், நான்கு வீதியும் சுற்றியது, ‘தேர் நிலைக்கு வந்தது’ என்போம். அதன் சக்கரத்துக்கும் முட்டுக்கட்டைதான். விமானம் நிறுத்தும் இடத்தை ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள், அதுவும் நிலைதான். விமானிகள் ‘பிளாக் டு பிளாக்’ என்பதை ‘நிலைக்கு நிலை நேரம்’ என்றால் அப்படியே பொருந்துகிறது. ‘நிலைநேரம்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், சும்மா நின்ற நேரம் ஆகிவிடும்.

ஐயா, உங்கள் அட்டவணையில் இன்னொரு சிக்கல். ‘ஃபிளைட் டைம்’ என்பதைப் பறப்பு நேரம் என்று பெயர்த்திருக்கிறீர்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி, புறப்பாட்டுக்காக விமானம் முதலில் அசைந்ததிலிருந்து கடைசியாக நிற்கும் வரை எல்லாமே ‘ஃபிளைட் டைம்’. பறக்காத நேரமும் அதற்குள் வருகிறது! அதற்கும் ‘நிலைக்கு நிலை’யையே வைத்துக்கொண்டு, சக்கரம் தரையை விட்டது முதல் தரை தொடும் வரை ‘வானிருப்பு நேரம்’ என்று தனியாக வைக்கலாம். அந்த 53 வினாடியை அட்டவணையில் எந்த நேரத்தின் கீழ் போடுவது என்று அளந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.