வனாந்தரம்னா மணல்னு நெனச்சிருந்தேன் - நெகேவ் (இஸ்ரேலோட தெக்குப் பாலைவனம்) போன அனுபவம் (நீங்களும் போயிருந்தா எழுதுங்க)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இறையியல் ஸ்டூடண்ட், ஊர் நாசரேத். இயேசு வளந்த நாசரேத் இல்ல, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். 2019 ஜனவரியில படிப்போட சேத்து ஒரு ட்ரிப் போனோம், எருசலேம் பெத்லகேம் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் நெகேவ் மட்டும் சொல்றேன்.

சண்டே கிளாஸ்ல வனாந்தரம்னு சொன்னாலே எனக்கு எங்கூர் பக்கத்து தேரிக்காடுதான் ஞாபகம் வரும், செக்கச்செவேல்னு மணலு, கால் வச்சா புதையும், அதுலதான் மோசேகூட வந்த இஸ்ரவேல் ஜனங்க நாப்பது வருஷம் சுத்துனாங்கன்னு நம்பிட்டே வளந்தவன். பெயெர்செபா தாண்டி பஸ் தெக்க போகப் போக மணலையே காணோம். பூரா கல்லு. சாம்பக் கலர்ல, மஞ்சளா, மொட்டை மொட்டையா. நெகேவ்ல இருக்குற சீன்ங்கிற வனாந்தரத்தோட விளிம்புல நின்னு கீழ பாத்தப்போதான் பைபிள்ல ஏன் எதுக்கெடுத்தாலும் கன்மலை கன்மலைன்னு வருதுன்னு புரிஞ்சுது, அங்க நிழலு வேணும்னாலும் கல்லுதான், ஒளியணும்னாலும் கல்லுதான். எய்ன் அவ்தாத் பள்ளத்தாக்குல அந்த வெள்ளைப் பாறைக்குள்ளருந்து தண்ணி கசிஞ்சு குளமா நிக்குது. இஸ்ரேலோட முதல் பிரதமர் பென் குரியன் கல்லறைப் பக்கம் வரையாடுங்க ஹாயா மேயுது, சங்கீதத்துல வர்ற அதே வரையாடு.

இன்னொண்ணு, பத்துக் கட்டளை பலகைய வச்ச உடன்படிக்கைப் பெட்டி செஞ்ச சீத்திம் மரம் என்னமோ தேவலோக மரம்னு நெனச்சிருந்தேன். கைடு காட்டுனாரு. குடை மாதிரி விரிஞ்சு, முள்ளோட, அப்படியே நம்மூரு உடைமரத்துக்கு சொந்தக்காரன்! எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆடு மேயுற மரத்தோட வகை.

இப்ப நெசமாவே சொல்ல வந்தது. நான் வயித்துல இருக்கும்போதே அம்மா என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டாங்க. ஆனா படிக்கப் போன ரெண்டாவது வருஷமே எனக்கு உள்ளுக்குள்ள வத்திப்போச்சு, ஜெபத்துல உக்காந்தா தூக்கம்தான் வரும், வெளிய சொல்லவும் முடியாது. இந்த மண்ணுல கால் வச்சா ஏதாவது பத்திக்கும்னு ஒரு நப்பாசை. எருசலேம்ல ஒண்ணும் நடக்கல, க்யூல நின்னு கால் வலிச்சதுதான் மிச்சம்.

நெகேவ்ல ஒரு நாள் மத்தியானம் ஜீப்பை நிறுத்துனாங்க. வெயில் அதிகமில்ல ஆனா எனக்கு கிர்ருன்னு வந்துச்சு, தண்ணி சரியா குடிக்கல. பக்கத்துல ஒரு செடி, இலையே கிடையாது, விளக்குமாத்துக் குச்சி மாதிரி பச்சைக் குச்சியா, பூ மட்டும் வெள்ளையா. அதுக்கடியில போய் படுத்தேன். கைடு சிரிச்சுட்டே இதுதான் ரோத்தெம், எலியா தீர்க்கதரிசி உயிருக்குத் தப்பி ஓடி வந்து படுத்த செடின்னாரு. நம்ம பைபிள்ல சூரைச்செடி. நிழலுன்னு பாத்தா பாதி உடம்புக்குக்கூட வரல. ஜீப் ஓட்டுன பெதுயின் (பாலைவனத்து அரபு நாடோடி இனம்) அண்ணன் அதுக்குள்ள தீ மூட்டி, மாவைத் தட்டி தணலுக்குள்ளயே புதைச்சு சுட்டாரு, எடுத்து சாம்பலைத் தட்டிட்டு ஒரு துண்டு குடுத்தாரு, கூட செம இனிப்பா டீ.

வாயில வச்சப்போதான் உறைச்சுது, எலியாவுக்கும் தழல்ல சுட்ட அடைதானே! போதும் கர்த்தாவே சாகணும்னு சொன்னவனுக்கு ஒரு அட்வைஸ் இல்ல, ஒரு கேள்வி இல்ல. அடை, தண்ணி, தூக்கம். மறுபடி எழுப்பி மறுபடி அடை. நம்ம பிரசங்கத்துல எல்லாரும் நேரா ஓரேப் மலைக்கு, அங்க கர்த்தர் எலியாகிட்ட பேசுன அந்த மெல்லிய சத்தத்துக்கு ஓடிருவாங்க, அடைகிட்ட ஒருத்தரும் நிக்கிறதில்ல. நான் தின்னுட்டு அங்கயே இருபது நிமிஷம் தூங்கிட்டேன். அவ்ளோதான். தரிசனம்லாம் இல்ல.

---

தம்பி, நான் டூர்ல எகிப்துல, மோசே கட்டளை வாங்குனதா சொல்ற சீனாய் மலை ஏறுனவ. ராத்திரி ஏறுனோம், குளிர்னா அப்படி ஒரு குளிர். 2285 மீட்டர், பாதி தூரத்துக்கு மேல ஒட்டகம் கொண்டு போய் விட்டுரும், கடைசி 750 படி நம்ம கால்தான். முழங்கால் வலியில மோசேக்கு எண்பது வயசுங்கிறது மட்டும்தான் மண்டைல ஓடுச்சு, அந்த வயசுல மனுஷன் எப்படி ஏறி ஏறி இறங்குனாரோ! உச்சியில ஒரே கூட்டம், செல்பி. விடிஞ்சதும் பாத்தா சுத்தி மலை மலையா சிவப்புக் கல்லு, ஒரு பச்சை இல்ல. கீழ நிக்குற ஜனங்க நாப்பது நாள்ல பொறுமை இழந்து கன்னுக்குட்டி செஞ்சாங்கன்னு எவ்ளோ திட்டிருக்கேன், அன்னைக்குத்தான் கொஞ்சம் பாவமா இருந்துச்சு.

---

நான் கிறிஸ்டியன் இல்ல ப்ரோ, நெகேவ்ல ஸ்தே போக்கர்ங்கிற ஊர்ல மண்ணு சம்பந்தமா ரிசர்ச் பண்ணேன். அங்க வருஷத்துக்கு சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஆனா மேல்மண்ணு நனைஞ்ச உடனே பொறுக்கு மாதிரி இறுகிக்கும், தண்ணி உள்ள இறங்காது, அப்படியே ஓடி வரும். ஒரு நாள் எங்க தலைக்கு மேல நல்ல வெயில், எங்கயோ மலையில பெஞ்ச மழை காஞ்ச ஓடையில கட்டுக்கட்டா கல்லை உருட்டிட்டு வந்துச்சு, சத்தம் முதல்ல கேட்டுச்சு, தண்ணி அப்புறம்தான். நெகேவ்னா எபிரெயத்துல தெற்குன்னும் அர்த்தமாம். அவ்தாத்ல நபத்தேயர்கள்னு பழைய காலத்து வியாபாரி ஜனங்க இந்த ஓட்டத் தண்ணிய மறிச்சுத்தான் விவசாயமே பண்ணிருக்காங்க. வெள்ளம் போன கொஞ்ச நாள்ல அந்த ஓடை பூரா பூ.

---

அண்ணா நீங்க சொன்னதும் புல்லரிக்குது, சங்கீதம் 126-ல "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல"ன்னு வருமே, அது இதுதான்! சின்ன வயசுல நான் அதை நம்ம தெக்கத்தி சீமை, தாமிரபரணி வெள்ளம்னு நெனச்சுத்தான் மனப்பாடம் பண்ணேன். இப்பதான் அம்மாவுக்குப் போன் போட்டு அது நெகேவ் ஓடைம்மான்னு சொன்னேன். அவங்க ஒத்துக்கல, "போடா, அது நம்ம ஆத்துத் தண்ணிதான்"ங்கிறாங்க.