இரணியலில் கூட்ஸும் எக்ஸ்பிரஸும் கிராசிங் ஆகாமல் இரண்டு பக்கமும் சிவப்பில் நிற்கின்றன (ஓப்பன் ரெயில்ஸ் ரயில் சிமுலேட்டர்)

வேளிமலை:

நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையை 1979-ல் திறந்தபோது இருந்த மாதிரி ஒற்றைத் தடமாகவே போட்டு ஒரு ஆக்டிவிட்டி செய்திருக்கேன். இரட்டைப் பாதை வேலை எதையும் இதில் சேர்க்கவில்லை. பிளேயர் ரயில் (நான் ஓட்டுவது) நாகர்கோவிலில் இருந்து போகும் பாசஞ்சர். எதிரே 22 எல்எச்பி பெட்டியுடன் ஒரு ஏஐ (புரோகிராமே ஓட்டும்) எக்ஸ்பிரஸ். பாசஞ்சருக்குப் பின்னால் அதே திசையில் 58 பாக்ஸ்-என் வேகன், பிரேக் வேன், ஒரு வேக்-9 எஞ்சின் உள்ள ஏஐ கூட்ஸ்.

குழித்துறையில் பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும் சரியாக கிராசிங் ஆகின்றன (ஒன்று விலகி நிற்க, மற்றது கடக்கிறது). அடுத்து இரணியலில் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் கிராசிங் ஆக வேண்டும். ஆகவில்லை. பள்ளியாடி (திருவனந்தபுரம்) பக்கத்து ஹோம் சிக்னலுக்கு, அதாவது ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் சிக்னலுக்கு, வெளியே எக்ஸ்பிரஸ், நாகர்கோவில் பக்கத்து ஹோமுக்கு வெளியே கூட்ஸ். ஸ்டேஷன் காலி. இரண்டு ஹோமும் சிவப்பு.

இரணியலில் ஒரு மெயின், ஒரு லூப் (மெயினில் இருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடம்). லூப்பில் ஃபௌலிங் மார்க்குக்கு (பக்கத்துத் தட ரயிலில் இடிக்காமல் நிற்கக்கூடிய எல்லைக் குறி) ஃபௌலிங் மார்க் 640 மீட்டர். மெயினில் இரண்டு திசைக்கும் ஸ்டார்ட்டர் (புறப்பட விடும் சிக்னல்) உண்டு. லூப்பில் திருவனந்தபுரம் திசைக்கு மட்டும். கூட்ஸுக்கு நாகர்கோவிலில் 600 விநாடி வெயிட்டிங் பாயின்ட் (ரயிலை நிறுத்தி வைக்கும் குறி) போட்டும் மாற்றம் இல்லை. எங்கே பார்க்கணும்?

பாறசாலை கேபின்:

நேரத்தை விடுங்க, முதலில் லூப் ஸ்டார்ட்டரைப் பாருங்க. ஹோம் பச்சையாக வேண்டுமென்றால் அடுத்த சிக்னல் வரைக்கும் தடம் அந்த ரயிலுக்குக் கிடைக்கணும். உங்க லூப்பில் நாகர்கோவில் திசைக்கு ஸ்டார்ட்டரே இல்லை. அதனால் லூப்புக்குள் வரும் எக்ஸ்பிரஸுக்கு "அடுத்த சிக்னல்" என்பது அடுத்த ஸ்டேஷனின் ஹோம். நடுவில் கூட்ஸ் நிற்கிறது, எப்படிக் கிடைக்கும்? ரயிலை லூப்பில் நிறுத்தி வைக்க இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும், புரோகிராமுக்குத் தெரியாது.

கூட்ஸை மெயினில் எடுக்காததும் இதனால்தான். ஒரே தடத்தில் எதிரெதிராக ஓடும் ரயில்களின் பாத்களை (போகும் வழிகளை) ஒப்பிட்டு, முட்டிக்கொள்ளும் பகுதிகளை ஓப்பன் ரெயில்ஸ் முன்னாலேயே குறித்து வைக்கும். கூட்ஸ் மெயினில் ஏறிவிட்டால் எக்ஸ்பிரஸுக்கு வேறு வழி கிடையாது. அதனால் வெளியிலேயே நிறுத்துகிறது, அது சரியான முடிவுதான்.

ஸ்டார்ட்டரை வைக்கும்போது ஃபௌலிங் மார்க்குக்கு உள்ளே வைங்க, பாயின்ட்டை (தடம் பிரியும் இடத்தை) ஒட்டி வைக்காதீங்க. வைத்தபின் முகம் எந்தத் திசை பார்க்கிறது என்று ரூட் எடிட்டரில் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடுங்க. திரும்பி நிற்கும் சிக்னல், இல்லாத சிக்னலுக்குச் சமம்.

லூப்லைன் தக்கலை:

கேபின் அண்ணாச்சி சொன்னதோடு நீளக் கணக்கையும் போடணும். பாக்ஸ்-என் வேகன் ஒன்று 10.713 மீட்டர். 58 வேகன் 621 மீட்டர், வேக்-9 இன்னொரு 20.5. பிரேக் வேனைச் சேர்க்கும் முன்னாலேயே 640 தாண்டியாச்சு. எல்எச்பி பெட்டி கப்ளரோடு சுமார் 24 மீட்டர். 22 பெட்டிக்கு 528, எஞ்சினோடு 549. இது அடங்கும்.

பலரும் தப்பு பண்ணும் இடம் இதுதான்: "லூப்பில் அடங்காத கூட்ஸை மெயினில் நிறுத்திடலாம்" என்று நினைப்பது. மெயினிலும் இரண்டு பாயின்ட்டுக்கு நடுவே கிட்டத்தட்ட அதே நீளம்தான் இருக்கும். கூட்ஸ் அங்கே நின்றால் வால் பாயின்ட்டின் மேல் கிடக்கும், எக்ஸ்பிரஸ் லூப்பை விட்டு வெளியே போக முடியாது. ஆகவே முதலில் உள்ளே வந்து காத்திருக்க வேண்டியது குட்டையான ரயில், அதாவது எக்ஸ்பிரஸ். நீளமானது நிற்காமல் மெயினில் ஓடிப் போகணும். நம்ம ஊரில் லூப்புகளுக்கு 715 மீட்டர் என்ற அளவு பரவலாக இருப்பதற்கும் இதே கூட்ஸ் நீளம்தான் காரணம். உங்க ரூட்டில் லூப்பை அந்த அளவுக்கு நீட்ட முடிந்தால் எந்த ரயில் முதலில் வந்தாலும் பரவாயில்லை.

பாஸிங் பாத் (விலகிப் போக லூப் வழியாக வரையும் மாற்று வழி) விஷயம்: குழித்துறையில் சரியாக வருகிறது என்றால் பிளேயர் பாத்தில் அங்கே பாஸிங் பாத் வரைந்திருப்பீங்க. இரணியலில் இருக்காது என்று நினைக்கிறேன். சாதாரண நிலையில், எந்த ரயிலின் பாத்தில் பாஸிங் பாத் இருக்கிறதோ அந்த ரயில் மட்டும்தான் அதைப் பயன்படுத்தும். ஆப்ஷன்ஸில் "லொக்கேஷன் லிங்க்ட் பாஸிங் பாத் ப்ராசஸிங்" என்பதை டிக் செய்தால், பிளேயர் பாத்தில் உள்ள மெயினும் பாஸிங் பாத்தும் எல்லா ரயில்களுக்கும் கிடைக்கும், ரயில் நீளத்தையும் பார்த்துத் தடம் ஒதுக்கும். பழைய பதிப்புகளில் இது எக்ஸ்பெரிமென்டல் டேபில் இருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவு:

பிளேயர் பாத்தைத் திறந்து இரணியலின் ஒரு முனைப் பாயின்ட்டில் தொடங்கி மறுமுனைப் பாயின்ட்டில் முடியும்படி லூப் வழியாகப் பாஸிங் பாத் வரைங்க. அதற்குள் வெயிட்டிங் பாயின்ட், ரிவர்ஸ் பாயின்ட் எதுவும் வேண்டாம். இன்னொரு பாஸிங் பாத் மேல் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்க. பிறகு மெயின், லூப் இரண்டின் பிளாட்ஃபார்ம் மார்க்கரிலும் ஸ்டேஷன் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். ஒன்றில் "இரணியல்", மற்றதில் "இரணியல் லூப்" என்று வைத்தால் லூப்புக்குத் திருப்பிவிடப்பட்ட எக்ஸ்பிரஸுக்குத் தன் நிறுத்தம் கிடைக்காது.

வேளிமலை:

பிளேயர் பாத்தில் இரணியலுக்குப் பாஸிங் பாத் இல்லை, சரியாகச் சொன்னீங்க. பெயர்களும் வேறுவேறாகத்தான் இருந்தன. கூட்ஸை நாகர்கோவிலில் பிடித்து வைக்க 600 விநாடி போதவில்லையா?

பாறசாலை கேபின்:

600 என்பது கூட்ஸ் அந்த இடத்துக்கு வந்து நின்ற பின் எண்ணும் கணக்கு. பாசஞ்சரை நீங்க இரண்டு நிமிஷம் தாமதமாக எடுத்தாலே எல்லாம் நகர்ந்துவிடும். கடிகார நேரம் கொடுங்க. வெயிட்டிங் பாயின்ட் மதிப்பில் 3 போட்டு, அடுத்து மணி, நிமிஷம்: 30732 என்றால் காலை 7:32 வரை நிற்கும். அதை நாகர்கோவில் ஸ்டார்ட்டருக்குச் சற்று முன்னால் வைங்க.

எவ்வளவு நேரம் விடணும் என்பதையும் கணக்கிடலாம். 1:12 பாயின்ட்டில் லூப்புக்கு 30 கிலோமீட்டர் வேகம். ஹோம் சிக்னலில் இருந்து பாயின்ட் 300 மீட்டர் என்று வைத்தால், எக்ஸ்பிரஸ் முழுசாக உள்ளே வர 900 மீட்டருக்கு மேல் ஓடணும். அந்த வேகத்தில் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரேக் பிடித்து நிற்பதையும் சேர்த்து மூன்று நிமிஷம். கூட்ஸ் இரணியல் ஹோமைப் பார்க்கும் நேரம் அதற்குப் பின்னால் வரணும். முன்னால் வந்தால் வெளியே நின்று, பின் 5,000 டன்னை மறுபடி இழுத்துக் கிளப்பும் நேரமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று: "ஃபோர்ஸ்டு ரெட் அட் ஸ்டேஷன் ஸ்டாப்ஸ்" டிக்கை எடுத்திருந்தால் திரும்பப் போடுங்க. அது இருந்தால் பிளாட்ஃபார்முக்கு அடுத்த சிக்னல், நடுவில் பாயின்ட் இல்லாத பட்சத்தில், புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பு வரை சிவப்பில் நிற்கும். இல்லையென்றால் எக்ஸ்பிரஸ் பிளாட்ஃபார்மில் நிற்கும்போதே முன்னால் உள்ள ஒற்றைத் தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

சிவப்பில் நிற்கும்போது அவசரப்பட்டு டேப் கீயைத் தட்டாதீங்க. சிவப்பைத் தாண்ட அனுமதி கிடைத்து ஒற்றைத் தடத்தில் எதிர் ரயிலின் முன் போய் நின்றால், அதன்பின் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. எது எதைத் தடுக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல் + 9 அழுத்தி டிஸ்பேட்சர் ஜன்னலைத் திறங்க. இரண்டு ரயிலும் எந்த சிக்னலில் நிற்கின்றன என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

தோவாளை டைம்டேபிள்:

மூன்று, நான்கு கிராசிங் என்று வளர்ந்தால் ஆக்டிவிட்டியை விட டைம்டேபிள் மோடு (எல்லா ரயிலையும் ஒரே அட்டவணையில் எழுதி ஓட்டுவது) நல்லது. கூட்ஸின் நாகர்கோவில் கட்டத்தில் நேரத்துக்குப் பின் டாலர் குறியோடு "வெயிட்" கட்டளை போட்டு, சமக்குறிக்குப் பின் எக்ஸ்பிரஸின் பெயரை எழுதினால் போதும். இரண்டுக்கும் பொதுவான அடுத்த தடத்தை எக்ஸ்பிரஸ் கடக்கும் வரை கூட்ஸுக்கு சிக்னல் விழாது (பச்சையாகாது). எக்ஸ்பிரஸ் தாமதமானால் கூட்ஸும் தானாகத் தாமதமாகும். தொடங்கும் இடமே இரண்டுக்கும் பொதுவாக இருந்தால், பாத்கள் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில்தான் வெயிட் பிடிக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு ஸ்டேஷன் தள்ளி எழுதுவதே வழக்கமான தவறு. எக்ஸ்பிரஸ் எவ்வளவு தாமதமானாலும் கூட்ஸ் காத்துக்கிடக்க வேண்டாமென்றால் "மேக்ஸ்டிலே" சேர்த்து நிமிஷ வரம்பு கொடுக்கலாம்.

வேளிமலை:

லூப்பில் ஸ்டார்ட்டர் வைத்து, பிளேயர் பாத்தில் பாஸிங் பாத் வரைந்து, பெயர்களை ஒன்றாக்கினேன். எக்ஸ்பிரஸ் லூப்பில் ஏறி நின்றது, கூட்ஸ் மெயினில் நிற்காமல் போனது. ஆனால் கூட்ஸ் கடந்தபின் எக்ஸ்பிரஸின் ஸ்டார்ட்டர் விழ நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது.

லூப்லைன் தக்கலை:

எக்ஸ்பிரஸின் சர்வீஸில் இரணியல் புறப்பாட்டு நேரத்தைப் பாருங்க மக்கா. கிராசிங் முடியும் நேரத்தை விடப் பிந்திப் போட்டிருப்பீங்க. அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் சிக்னல் விழும். நேரத்தை முன்னால் இழுத்தால் கூட்ஸின் வால் பாயின்ட்டைத் தாண்டி, நாகர்கோவில் பக்கத் தடமும் காலியானதும் விழுந்துவிடும்.