இங்கிலாந்து ஷேரிங் வீடு: ஒருத்தர் காலி பண்றார், அடுத்த ஆளை எப்படிச் சேர்க்கிறது?

கேள்வி: ராயபுரம், தண்டையார்பேட்டைப் பசங்க மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கோம். ஒருத்தர் காலி பண்றார். அவர் இடத்துக்குப் பெரம்பூர்ப் பையன் வரத் தயார். புதுசா வர்றவர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிப் போறவர்கிட்ட கொடுத்துட்டா போதுமா?

பதில்: போதாது தம்பி. வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனக் கணக்கு இங்கே செல்லாது. அங்கே ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஓனரோட தனிக்கணக்கு. ஒருத்தர் காலி பண்ணினா பக்கத்துப் போர்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. இங்கே மூணு பேரும் ஒரே அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டிருந்தா அது ஜாயின்ட் டெனன்சி, அதாவது கூட்டு வாடகைக் குடியிருப்பு. ஒருத்தர் தராத வாடகையை மத்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்கலாம்.

போறவர் அவசரப்பட்டு நோட்டீஸ் கொடுத்துடக் கூடாது. பெரும்பாலானவங்க சறுக்குற இடம் இதுதான். 2026 மே 1 முதல் இங்கிலாந்துல தனியார் வாடகை அக்ரிமென்ட்டுக்குப் பொதுவா முடிவுத் தேதி கிடையாது. கூட்டு அக்ரிமென்ட்ல ஒருத்தர் ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்தாலே மொத்தப் பேரோட டெனன்சியும் முடிஞ்சிடும். அதனால முதல்ல ஏஜென்டுக்கு மெயில்: யார் போறார், யார் வர்றார், எந்தத் தேதி. சம்மதம் எழுத்துல வரட்டும். அப்புறம் தங்குற ரெண்டு பேர், வர்றவர், ஓனர் எல்லாரும் புது அக்ரிமென்ட்ல கையெழுத்து. ஆள் மாத்துறதுக்கு ஏஜென்ட் கேட்கக்கூடியது 50 பவுண்டுதான். அதுக்கு மேல கேட்டா நியாயமான செலவுன்னு அவங்கதான் காட்டணும்.

வர்றவர் விசாவுல இருந்தா ரைட் டு ரென்ட் ஷேர் கோடு எடுக்கணும்; அவருக்கு இங்கே வாடகைக்கு இருக்க உரிமை இருக்கான்னு ஓனர் ஆன்லைன்ல பார்க்கிற குறியீடு அது. வேலைக்கு எடுத்த கோடு இதுக்கு ஆகாது. வாடகைக்கானது 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கும், 90 நாள் செல்லும்.

இப்போ அட்வான்ஸ். நம்மூர் மாதிரி பத்து மாசம் இல்லை; வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழேன்னா அஞ்சு வாரம்தான் உச்சவரம்பு. மாசம் 1,800 பவுண்டு வீட்டுக்கு 1800×12÷52×5, அதாவது சுமார் 2,077. ஆளுக்கு 692. இந்தப் பணத்துக்கு அரசு அங்கீகாரம் பெற்ற டெபாசிட் திட்டத்துல பாதுகாப்பு இருக்கணும். நீங்களே கைக்குக் கை கொடுத்து முடிச்சா, பதிவுல போனவர் பேர் அப்படியே நிற்கும். நாளைக்கு வீட்டைக் காலி பண்றப்போ புதுசா வந்தவர் பங்குக்கு ஆதாரம் இருக்காது. பழசை முடிச்சுப் புதுசா பதியச் சொல்லுங்க. பணம் வாங்கின 30 நாளுக்குள்ள பதிஞ்சு, அந்த விவரத்தைப் புது ஆளுக்கும் தரணும்.

அதுக்கு முன்னாடி போறவர், வர்றவர், தங்குறவங்க எல்லாரும் நின்னு வீட்டைப் போட்டோ எடுங்க: மெத்தை, கார்பெட் கறை, ஓவன் உள்பக்கம், ஜன்னலோரப் பூஞ்சை. இதைச் செய்யாட்டி போனவர் போட்ட கறைக்கு வந்தவர் காசு கழியும். கரன்ட், கேஸ் மீட்டர் ரீடிங்கும் அதே நாள். நடுமாசம் கைமாறினா நாள் கணக்கு: ஆளுக்கு மாசம் 600 பவுண்டுன்னா 600×12÷365, நாளுக்கு 19.73 பவுண்டு.

(ஆள் தேடுறப்போ, வீட்டுல கருவாடு வறுப்பீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க. பின்னாடி வர்ற சண்டை மிச்சம்.)

இன்னொரு பதில்: கவுன்சில் டாக்ஸை (உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரி) விட்டுட்டீங்களே அண்ணா. மூணு பேரும் முழுநேர மாணவர்னா வரி கிடையாது. வர்றவர் வேலைக்குப் போறவரா இருந்தா வீட்டுக்கு பில் வந்துடும். மத்தவங்க மாணவர்ங்கறதால 25 சதவீதம் குறையும். மீதிக்குச் சட்டப்படி பொறுப்பு அவர் மட்டும்தான். யார் எவ்வளவுன்னு சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

மூணாவது பதில்: நாலு பேர் இருக்கிற வீட்டுல, ஒருத்தர் போன ரூமுக்குக் கணவன் மனைவியைச் சேர்த்தா அஞ்சு பேர் ஆயிடும். அப்போ ஓனருக்கு எச்எம்ஓ லைசென்ஸ் (ஒரே குடும்பமா இல்லாதவங்க சேர்ந்து இருக்கிற வீட்டுக்கான உரிமம்) கட்டாயம், அது இல்லாம அவர் ஒத்துக்கக் கூடாது. அடுத்தது கியாரண்டர், அதாவது நீங்க வாடகை தராட்டி பொறுப்பேத்துக்கிறவர். ஏஜென்டுங்க பெரும்பாலும் இந்த நாட்டுல இருக்கிறவரைத்தான் கேட்பாங்க, தண்டையார்பேட்டை அப்பா பேரை ஏத்துக்க மாட்டாங்க. ஆறு மாச வாடகையை முன்னாலேயே கட்டிச் சமாளிச்ச வழியும் 2026 மே முதல் அடைபட்டுப்போச்சு. ஒரு மாசத்துக்கு மேல முன்வாடகை கேட்க முடியாது. போறவருக்குக் கியாரண்டி போட்டவர் இருந்தா, அவரை விடுவிச்சதா ஒரு வரி எழுதி வாங்குங்க.