லீலா நாயுடுவை நீங்கள் முதலில் பார்த்தது எங்கே?

இந்தி நடிகை லீலா நாயுடு என்றதும் பலரும் சொல்வது ஒன்றைத்தான். வோக் பத்திரிகை உலகின் பத்து அழகிகளைப் பட்டியல் போட்டபோது, ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியோடு இவர் பெயரும் அதில் இருந்தது என்று. 1954இல் மிஸ் இந்தியா ஆனவர் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது எப்போதும் மனக்குறை. ஏனென்றால் அந்தப் பட்டியலெல்லாம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அங்கே டாக்டர். ஊரில் முதல் டிவி எங்கள் வீட்டில்தான், கறுப்பு வெள்ளை டயனோரா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் இந்திப் படம் போடுவார்கள். யாருக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் கூடம் நிறைந்துவிடும். அன்று மழை. ஆன்டெனாவைத் திருப்ப யாரும் மாடிக்குப் போகவில்லை. அப்பாவை யாரோ பாம்புக்கடி என்று வந்து கூட்டிப்போய்விட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும்தான். படம் ‘அனுராதா’. 1960இல் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்தது. வானொலியில் பாடிப் புகழ்பெற்ற ஒரு பெண், லட்சியவாதியான ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு கிராமத்துக்கு வருகிறாள். அவருக்கு நோயாளிகள், ஆராய்ச்சி. அவளுக்குச் சமையல், குழந்தை, காத்திருப்பு. பாட்டு நின்றுவிடுகிறது.

கதையைச் சொல்லும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு திருச்சி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவள். டாக்டர் மாப்பிள்ளை கிடைத்தது. கிராமத்துக்கு வந்தாள். வீட்டில் ஒரு சுருதிப் பெட்டி பரண்மேல் இருந்தது, அவ்வளவுதான். யாரும் பாடாதே என்று சொன்னதில்லை. அப்பா தங்கமான மனிதர், படத்தில் வரும் பல்ராஜ் சாஹ்னி மாதிரியே. அவருக்கு நேரமில்லை, அம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று நான் படத்தைவிட அம்மாவைத்தான் அதிகம் பார்த்தேன். லீலா நாயுடு அந்தப் படத்தில் அழுது புரள்வதில்லை. கதவருகே நிற்பார். சாப்பாட்டை மூடி வைப்பார். கணவன் பேசிக்கொண்டே வெளியே போகும்போது, சொல்ல வந்ததை உதட்டிலேயே நிறுத்திக்கொள்வார். இந்தி தெரியாத என் அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. ரவிசங்கர் இசையில் லதா பாடும் இடங்களில் அம்மாவின் விரல் முழங்காலில் தாளம் போட்டது. கடைசியில் அந்தப் பெண் நகரத்துக்குப் போய்விடுவாளா, இருந்துவிடுவாளா என்று வரும். இருந்துவிடுகிறாள். படம் முடிந்ததும் அம்மா எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, “போயிருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரிய எனக்கு இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

உங்களில் யாருக்காவது அவரோடு இப்படி ஒரு சந்திப்பு நடந்திருந்தால் எழுதுங்கள். திரையிலோ, புகைப்படத்திலோ, எப்படியிருந்தாலும் சரி.

* * *

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தப் படத்துக்கு அந்த வருடத்தின் சிறந்த படம் என்று தேசிய விருது கிடைத்தது, பெர்லின் பட விழாவுக்கும் போனது. ஆனால் எந்த விருதையும்விட உங்கள் அம்மா சொன்ன சொல்தான் பெரிது என்று தோன்றுகிறது.

ஒரு சின்னத் தகவல். லீலாவின் அப்பா ராமய்யா நாயுடு எங்கள் பக்கத்துக்காரர், மதனப்பள்ளி. தக்காளி லாரி ஏற்றும் ஊர் என்றுதான் இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து பாரிஸுக்குப் போய் மேரி கியூரியிடம் ஆய்வு செய்த இயற்பியலாளர் அவர். லீலாவின் அம்மா ஐரோப்பியப் பெண்மணி, இந்தியவியல் படித்தவர். சித்தூரில் என் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அவர் அந்த நடிகையின் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

* * *

நான் மதுரையில் கல்யாணப் போட்டோ எடுப்பவன். என் சந்திப்பு வேறு மாதிரி.

அப்பாவின் ஸ்டுடியோவில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி நிறைய ஆங்கிலப் பத்திரிகைகள் இருக்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை. அதில் ஒரு பக்கத்தை அப்பா கிழித்து இருட்டறைக் கதவில் ஒட்டியிருந்தார். இளம்வயது லீலா நாயுடு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைக் காட்டித்தான் பாடம் தொடங்குவார். “டேய், மூக்குக்கு இந்தப் பக்கம் நிழல் எப்படி இறங்குது பாரு. விளக்கை எங்க வெச்சிருப்பான், சொல்லு.” நானும் அந்தக் கதவின் முன்னால் நின்று பதில் சொன்னவன்தான். அதனால் எனக்கு அவர் முதலில் ஒரு நிழல், அப்புறம்தான் ஒரு பெண்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு திரைப்படச் சங்கத்தில் ஷியாம் பெனகலின் ‘திரிகால்’ போட்டார்கள். 1985ஆம் வருடத்துப் படம். கோவா போர்ச்சுகீசியரிடமிருந்து விடுபடும் 1961 காலத்துக் கதை. வீட்டுத் தலைவர் இறந்துவிட, அவருடைய விதவை டோனா மரியா அந்தச் சாவையே ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். பேத்தியின் நிச்சயதார்த்தம் தள்ளிப்போகிறது. செத்தவரோடு பேச வேண்டும் என்று இரவில் ஆவியை அழைக்க உட்கார்கிறாள். கணவர் வருவதில்லை. அந்தக் குடும்பம் யார் யாருக்குத் துரோகம் செய்ததோ, அவர்கள் வருகிறார்கள். டோனா மரியாவாக நடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. பாதிப் படம் ஓடிய பிறகு, அந்த அம்மா தலையைத் திருப்பினார். மூக்குக்கு இந்தப் பக்கம் நிழல். இருட்டறைக் கதவில் பார்த்த அதே இறக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தொழில்காரன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் பல காட்சிகளை ஒளிப்பதிவாளர் அசோக் மேத்தா மெழுகுவத்தி வெளிச்சத்தை நம்பியே எடுத்தார். லூட்டோலிம் கிராமத்தில் ஓவியர் மாரியோ மிராண்டாவின் பூர்வீக வீட்டில்தான் படப்பிடிப்பு. மெழுகுவத்தி வெளிச்சம் தாழ இருந்து வரும்போது கன்னத்துப் பள்ளம், கண்ணுக்கடியில் சுருக்கம், கழுத்துக் கோடு எதையும் மறைக்காது. என்னிடம் வரும் மணப்பெண்ணின் அம்மாக்கள் “தம்பி, கழுத்துத் தெரியாம எடுங்க” என்பார்கள். உலகின் பத்து அழகிகளில் ஒருவர் என்று பேரெடுத்தவர் அந்த வெளிச்சத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே இல்லை. அவர் அதற்கு முன்பு கடைசியாக ஏற்ற பெரிய வேடம் பல வருடங்களுக்கு அப்பால் இருந்தது. அத்தனை இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர் இப்படி வர வேண்டும் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும். அழகைப் பற்றி எழுதியவர்கள் இதையும் எழுதியிருக்கலாம்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “வயசானாலும் எலும்பு மாறாதுடா” என்றார்.

* * *

நான் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டக் கல்லூரியில் எங்களுக்கு நானாவதி வழக்கைப் பாடமாக நடத்தினார்கள். 1959இல் ஒரு கடற்படை அதிகாரி, மனைவியோடு உறவு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த வழக்கின் சாயலில் 1963இல் வந்த ‘யே ராஸ்தே ஹைன் பியார் கே’ படத்தில் மனைவியாக நடித்தவர் லீலா நாயுடு. ஜோடி சுனில் தத்.

வகுப்பில் நாங்கள் துப்பாக்கியைப் பற்றியும் திடீர்க் கோபத்தைப் பற்றியும் மணிக்கணக்காக வாதிட்டிருக்கிறோம். அந்த மனைவி என்ன நினைத்திருப்பாள் என்று ஒருவனும் கேட்டதில்லை. படம் எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை, நிறைய இடத்தில் மெலோடிராமா. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் வந்தது. பிற்பாடு குடும்ப நல வழக்குகள் நடத்தும்போதெல்லாம் அது உதவியது.

* * *

வணக்கம். எனக்குக் கல்யாணமான புதிதில் டெல்லி, கரோல் பாகில் மொட்டைமாடி அறை. என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பெண் பார்த்த அன்று அரைமணி நேரம் பார்த்ததோடு சரி. எனக்கு இந்தி வராது, அவருக்குப் பேச்சே வராது!

அப்போது நண்பர் வீட்டில் ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ படத்தை வீடியோ கேசட்டில் பார்த்தோம். 1963இல் தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட், இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி இருவரும் சேர்ந்து எடுத்த முதல் கதைப்படம். சசி கபூர் டெல்லியில் ஒரு வாத்தியார், லீலா நாயுடு அவருடைய புது மனைவி இந்து. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். மாமியார் துர்கா கோட்டே வந்து இறங்குகிறார். இந்து கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். என் கணவர் படம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், “உனக்கு இங்க என்ன கஷ்டம்னு நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல, இல்லையா?” என்றார். அதற்கு அப்புறம் நாங்கள் பேச ஆரம்பித்தோம். எனக்கு லீலா நாயுடு என்றால் அந்த ஆட்டோதான்.

சுப்ரதா மித்ரா ஒளிப்பதிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், போட்டோகிராபர் தம்பிக்காக. படத்தொகுப்பைச் சீராக்கிக் கொடுத்தவர் சத்யஜித் ராய்.

* * *

எல்லாருடைய பதிவையும் படித்தேன். நான் அவருடைய வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாகத்தான் முதலில் சந்தித்தேன். எழுத்தாளர் ஜெர்ரி பின்டோவோடு சேர்ந்து அவர் சொன்னது, அவர் இறந்த பிறகு 2010இல் வந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவாரிடம் நடிப்புக் கற்றுக்கொண்டவர், ராஜ் கபூர் கூப்பிட்டும் போகாதவர் என்பதெல்லாம் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது வேறு. இளம்வயதில் ஓபராய் ஹோட்டல் குடும்பத்தில் கல்யாணம், இரட்டைப் பெண் குழந்தைகள், மணமுறிவு. குழந்தைகள் தகப்பனிடம் போனார்கள். அப்புறம் கவிஞர் டாம் மொரேஸோடு திருமணம், ஹாங்காங்கில் பல ஆண்டுகள், அதுவும் பிரிவில் முடிந்தது. நானும் விவாகரத்து ஆனவள். என் மகனை மாதத்தில் இரண்டு நாள் மட்டும் பார்த்த வருடங்கள் உண்டு. அந்தப் பக்கங்களை நூலகத்தில் நின்றபடியே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. ‘அனுராதா’வில் அவர் குழந்தையோடு வரும் காட்சிகளை இப்போது என்னால் வேறு எதையும் நினைக்காமல் பார்க்க முடியாது.

அவர் கடைசியாக நடித்தது 1992இல் வந்த ‘எலக்ட்ரிக் மூன்’. பிரதீப் கிருஷன் இயக்கம், அருந்ததி ராய் திரைக்கதை. கிடைத்தால் பாருங்கள்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மா மறுபடியும் பாடினார்களா?

* * *

பாடினாள்மா. ஆனால் உடனே இல்லை. அப்பா ஓய்வு பெற்றபின் அவரே ஏணி போட்டுப் பரண் ஏறி அந்தச் சுருதிப் பெட்டியை இறக்கினார். துருத்தித் தோலைப் பூச்சி அரித்திருந்தது. திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். தெருவில் இருந்த நான்கு குழந்தைகளுக்கு அம்மா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அப்பா திண்ணையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பார். கச்சேரி மேடையெல்லாம் கிடையாது. போன வருடங்கள் போனவைதான், அதை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நேற்று ராத்திரி உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மதுரைத் தம்பியின் அப்பா சொன்னதற்குத் தலையாட்டினாள். ஆட்டோ கதைக்குச் சிரித்தாள். குழந்தைகள் விஷயம் வந்தபோது, போதும், அடுத்ததைப் படி என்றாள். முடித்ததும், “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?” என்று கேட்டாள். 2009 ஜூலையிலேயே மும்பையில் இறந்துவிட்டார் அம்மா என்றேன்.

“அப்பவே எனக்குச் சொல்லலையே நீ” என்றாள்.